எஞ்சின் இல்லாத சரக்குக் கப்பல்: டென் ஹெல்டர் நாட்குறிப்பு

அக்டோபர் 5, சனி

சென்னையில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கன்டெய்னர் ஆவணங்களைப் பார்ப்பது என் வேலை. அலுவலகப் பயிற்சிக்காக ராட்டர்டாம் வந்தபோது, மாஸ்விளாக்டே முனையத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் பெட்டிகளைச் சுமந்து தாமாகவே நகர்வதைக் கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். அங்கு நின்றிருந்த நேரம் முழுவதும் கண்ணுக்கு ஓர் ஆள்கூடத் தென்படவில்லை. அதே நெதர்லாந்து நாட்டின் வடமேற்கு முனையில், எஞ்சினே இல்லாத பழைய மரக்கலம் ஒன்றைப் புதுப்பித்து அட்லாண்டிக் கடலைக் கடந்து சரக்கு ஏற்றி வருகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் படித்து வந்திருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் விடுப்பு எடுத்துக்கொண்டு டென் ஹெல்டருக்குக் கிளம்பிவிட்டேன். கப்பலின் பெயர் த்ரெஸ் ஓம்ப்ரெஸ்.

ரயில் அல்க்மாரோடு நின்றுவிட்டது. தண்டவாளத்தில் வேலை நடப்பதால் மீதித் தூரத்துக்குப் பேருந்து என்றார்கள். அந்தப் பேருந்துக்காக மழையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு முதிய பெண்மணி தம் குடையின் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, எங்கே போகிறேன், எதற்காகப் போகிறேன், எவ்வளவு சம்பளம் வாங்குகிறேன் என்றெல்லாம் நேரடியாகக் கேட்டார். என் காலணிகளை உற்றுப் பார்த்து, "இவை டென் ஹெல்டருக்கு ஆகாது" என்று சொன்னார். முன்பின் தெரியாதவரிடம் இப்படிப் பேசுவது இங்கே மரியாதைக் குறைவல்ல என்பதை ராட்டர்டாமிலேயே ஓரளவு தெரிந்துகொண்டிருந்தேன். டென் ஹெல்டரில் இறங்கியதும் 25 யூரோ கொடுத்து ரப்பர் காலணி வாங்கினேன். ரயில் நிலையத்திலிருந்து விடுதி வரை நடந்த பத்து நிமிடத்திலேயே அந்த அம்மையார் சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிட்டது.

அக்டோபர் 6, ஞாயிறு

இது மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர். காற்று நிற்பதே இல்லை. மரங்கள்கூட வடகிழக்காகச் சாய்ந்தே வளர்ந்திருக்கின்றன. 1811-இல் இங்கு வந்து பார்த்த நெப்போலியன், இதை வடக்கின் ஜிப்ரால்டர் ஆக்க வேண்டும் என்று சொன்னார் எனக் கூறப்படுகிறது. கோட்டைகளுடன் போர்க்கப்பல் தளமும் அதன் பிறகு வளர்ந்தன. யான் பிளாங்கன் என்ற பொறியாளர் கட்டிய பழைய கடற்படைத் தளமான வில்லெம்சோர்ட்டை விட்டுக் கடற்படை 1990-களில் வேறிடம் சென்றுவிட்டது. இப்போது அந்த வளாகத்தில் அருங்காட்சியகம், நாடக அரங்கு, உணவகங்கள் எல்லாம் இருக்கின்றன. செங்கல் கட்டடங்களுக்கு நடுவே பழைய உலர்துறைகளும் அப்படியே இருக்கின்றன.

த்ரெஸ் ஓம்ப்ரெஸ் புதுப்பிக்கப்பட்டது இந்த ஊரில்தான். ஆண்டுதோறும் கடற்பயணத்துக்கு முன் பழுதுபார்ப்புக்கும் இங்கேதான் வருகிறது. இன்று ஞாயிறு என்பதால் கப்பலில் யாரும் வேலை செய்யவில்லை. கரையில் நின்று நெடுநேரம் பார்த்தேன். 32 மீட்டர் நீளம் என்று எண்ணாகப் படித்தபோது பெரிதாகத் தோன்றியது. நேரில் அது மிகவும் சிறிய கப்பல். முன்பாய்மரத்தில் பாய்களைத் தாங்கும் குறுக்கு மரங்களான பருமல்களை இறக்கிக் கரையில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கப்பலின் பக்கப் பலகைகளில் கைவேலையின் தடம் தெளிவாகத் தெரிந்தது.

மதியம் துறைமுகக் கடையில் மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டுகள் வாங்கினேன், 7 யூரோ. கூடவே வெள்ளை நிறப் பூண்டுக் குழம்பு ஒன்று தருகிறார்கள். மீன் மிகவும் புதியது. காரம் மட்டும் கொஞ்சமும் கிடையாது. மிளகுத்தூள் கேட்டபோது கடைக்காரர் சமையலறைக்குள் சென்று தம் சொந்த டப்பாவையே எடுத்து வந்து கொடுத்தார்.

அக்டோபர் 7, திங்கள்

காலை எட்டரைக்கு எல்லோரும் காபிக் கோப்பையுடன் கூடி, அன்றைய வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஊதியமில்லாமல் வேலை செய்ய வருபவர்களை இங்கே ஏற்றுக்கொள்கிறார்கள்; மதிய உணவு கொடுக்கிறார்கள். எனக்குத் தச்சு தெரியாது, பாய் தைக்கவும் தெரியாது என்று சொன்னேன். பரவாயில்லை, முழங்காலிட்டு உட்கார முடியுமா என்று மட்டும் கேட்டார்கள்.

வேலை கப்பலின் மேல்தளத்தில். தளப் பலகைகளின் இடுக்குகளில் இறுகிப் போயிருக்கும் பழைய கீலையும் சணலையும் கொக்கி போன்ற கருவியால் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு புதிய சணல் நாரை உருட்டித் திரித்து, தட்டையான இரும்பை அதன்மேல் வைத்து மரச் சுத்தியலால் அடித்து இடுக்குக்குள் இறக்க வேண்டும். கடைசியாகக் கொதிக்கும் கீலை ஊற்ற வேண்டும். நாகப்பட்டினத்தில் படகு கட்டும் ஆசாரிகள் கலப்பத்து அடிப்பதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். கருவியும் முறையும் அனேகமாக ஒன்றே. எனக்குக் கற்றுக்கொடுத்த பிரெஞ்சுப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சணல் சரியாக இறங்கிவிட்டால் சுத்தியலின் ஓசை மாறும் என்றார். அந்த மாற்றத்தை என் காது பிடிப்பதற்கு மதியம் ஆகிவிட்டது. பிடித்த பிறகு அவர் பக்கத்தில் நிற்கவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

மதிய உணவு ரொட்டி, பாலாடைக்கட்டி, பட்டாணியை மசித்துக் கொதிக்க வைத்த கெட்டியான சூப். ஒரு முதிய தச்சர் அருகில் உட்கார்ந்து கப்பலின் கதையைச் சொன்னார். 1943-இல், போர்க்காலத்தில், ஜெர்மானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட மரக்கலம் இது. ஆர்யன் வான் டெர் வேன், ஆண்ட்ரியாஸ் லாக்னர், யோர்ன லாங்கெலான் ஆகிய மூன்று நண்பர்கள் இதன் வெற்றுடலை வாங்கி, 2007 முதல் 2009 வரை, ஏராளமான தொண்டர்களின் உழைப்பில் இரண்டு பாய்மரங்கள் கொண்ட சரக்குக் கப்பலாக மாற்றினார்கள். முன்மரத்தில் சதுரப் பாய்கள், பின்மரத்தில் நீளவாட்டுப் பாய். எஞ்சின் வைக்கவே இல்லை. 2009 டிசம்பரில் கப்பல் கடலுக்குப் போயிற்று. அவர்கள் தொடங்கிய ஃபேர்டிரான்ஸ்போர்ட் நிறுவனம் பிறகு நோர்ட்லிஸ் என்ற இன்னொரு கலத்தையும் இதே ஊரில் புதுப்பித்தது. அது 1873-இல் இங்கிலாந்தின் வைட் தீவில் மீன்பிடிக்கலமாகக் கட்டப்பட்டது. 25 மீட்டர் நீளம்.

மர உடலைப் புதுப்பிப்பதில் எது கடினம் என்று தச்சரைக் கேட்டேன். எதை மாற்றக் கூடாது என்று தீர்மானிப்பதுதான் என்றார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போலச் சுத்தியலால் ஒவ்வொரு விலாவையும் பலகையையும் தட்டிக்கொண்டே போவார்களாம். திடமான ஓக் மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாகப் பேசும். மழைநீர் தேங்கும் இடங்களிலேயே மரம் முதலில் அழுகும். கடல்நீர் உண்மையில் மரத்தை அழுகலிலிருந்து காக்கிறது. ஆனால் வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு இருக்கிறது. கரீபியன் சென்று திரும்பும் கப்பலுக்கு அடிப்பக்கப் பூச்சு ஓரிடத்தில் விட்டுப்போனாலும் ஆபத்து. இரும்பு ஆணிகளை ஓக் மரத்தின் துவர்ப்பு அமிலம் அரித்துவிடும் என்பதால் அவற்றையும் அவ்வப்போது உருவிப் பார்க்க வேண்டும். ஒரு மரக்கலத்தைப் புதுப்பித்து முடித்துவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது, அந்த வேலை ஆண்டுதோறும் தொடரும் என்பதை அவர் மிக இயல்பாகச் சொன்னார்.

மாலையில் சரக்கறைக்குள் இறங்க அனுமதித்தார்கள். கொக்கோ, ரம், கீல் மூன்றும் கலந்த மணம் மரத்தில் ஊறியிருக்கிறது. இதில் ஏறக்கூடியது 35 டன். என் தொழில் கணக்கில் இரண்டு இருபதடிப் பெட்டிகளை முழு எடைக்கு நிரப்பினால் இதைத் தாண்டிவிடும். இன்றைய பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றும் 20,000-க்கு மேற்பட்ட இருபதடிப் பெட்டிகளை ஏற்றுகின்றன. ஆனால் ஆட்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டபோதுதான் திகைத்துப் போனேன். அந்த ராட்சசக் கப்பலை ஓட்டுபவர்கள் இருபது, இருபத்தைந்து பேர். இந்தச் சிறு கலத்தில் பதினைந்து பேர் வரை. இங்கே ஒரு தலைக்கு இரண்டரை டன்கூட வரவில்லை, அங்கே ஆயிரக்கணக்கான டன் வருகிறது. இடையில் இருப்பது எண்ணெய். பெரிய கப்பல் முழு வேகத்தில் ஒரு நாளில் நூறு டன்னுக்கு மேல் எரிக்கிறது. உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களுடையது. எண்ணெயை நிறுத்தினால் அந்த வேலையை மனிதக் கைகள் செய்ய வேண்டும். அந்தக் கைகள் யாருடையவை, அவற்றுக்கு என்ன கொடுக்கிறோம் என்ற கேள்வியோடுதான் இரவு படுத்தேன். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று கயிற்று வேலை. பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களைத் துரு தாக்காமல் காக்க, புரிகளின் பள்ளத்தில் மெல்லிய கயிற்றை ஓட்டி, அதன்மேல் கீல் தோய்ந்த துணிப்பட்டையைச் சுற்றி, அதற்கும் மேல் கயிற்றை இடைவெளியே இல்லாமல் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். எல்லாம் முடிந்ததும் பைன் மரத்திலிருந்து எடுத்த கீலைப் பூசுகிறார்கள். ஒரு முழம் சுற்றுவதற்கு எனக்குக் காலை நேரத்தின் பெரும்பகுதி ஆயிற்று. இப்படிக் கட்டிய வடம் சரியாகப் பராமரித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும், கடல் நடுவில் கெட்டுப்போனால் அங்கேயே கையால் சரிசெய்யலாம். இந்தக் கப்பலில் பழுதுபார்க்க முடியாத பொருள் எதையும் நான் பார்க்கவில்லை. கீலின் நெடி உடையை விட்டுப் போகவே இல்லை; விடுதிக்காரர் மிகவும் பணிவாக, மேலங்கியை வெளியே மாட்டிவிட்டு வரச் சொன்னார்.

பகல் காபி நேரத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்று கேக் வந்தது. இங்கே பிறந்தநாள் கொண்டாடுபவரை மட்டுமல்லாமல் அவரைச் சுற்றியிருக்கும் எல்லோரையும் வாழ்த்துகிறார்கள். நேற்றுத்தான் வந்த எனக்கும், அவர் பிறந்ததற்காக, ஒவ்வொருவராகக் கை குலுக்கி வாழ்த்துச் சொன்னார்கள். இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

அக்டோபர் 9, புதன்

இரவே காற்று ஏறிவிட்டது. பாய்மரத்தின் மேல் யாரும் ஏறக் கூடாது என்றார்கள். பட்டறைக்குள் உட்கார்ந்து மரக் கப்பிகளைத் தேய்த்து ஆளி விதை எண்ணெய் பூசினோம். இந்தக் கப்பிகளும் கயிறும் பாய்களுக்கு மட்டும் உரியவையல்ல. சரக்கு ஏற்றுவதும் இறக்குவதும்கூட இவற்றாலேயே, கை பலத்தால் நடக்கிறது.

மாலையில் ஊருக்குள், தென் அமெரிக்காவிலுள்ள சுரினாம் நாட்டு உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கோழிக் குழம்பு, உருளைக்கிழங்கு, நீளக் காராமணி, அவித்த முட்டை, இவற்றோடு பருப்புப் பொடி அடைத்த ரொட்டி, 9 யூரோ 50. பல நாளுக்குப் பிறகு நாக்கில் காரம் பட்டது. நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்த உரிமையாளர் பெண்மணி இன்னும் ஒரு ரொட்டி வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அவருடைய முன்னோர் பீகாரிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள். டச்சுக்காரர்கள் 1863-இல் அடிமை முறையை ஒழித்த பின் சுரினாமின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதாமல், கல்கத்தாவிலிருந்து இந்தியர்களைக் கொண்டு சென்றார்கள். லல்லா ரூக் என்ற முதல் கப்பல் சுமார் 400 பேருடன் சுரினாமின் தலைநகர் பரமாரிபோவைச் சேர்ந்தது 1873 ஜூன் 5 அன்று. அதுவும் பாய்மரக் கப்பல்தான்.

1873. நோர்ட்லிஸ் கட்டப்பட்டதும் அதே ஆண்டுதான். காற்றில் ஓடிய கப்பல்களைப் பற்றி நினைக்கும்போது கரியற்ற தூய்மையை மட்டும் நினைத்துக்கொண்டு வந்த எனக்கு, அந்த ரொட்டிக் கடையில் நெஞ்சு கனத்தது.

அக்டோபர் 10, வியாழன்

காற்று சற்றுத் தணிந்ததால் ஒரு நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு டெஸ்ஸல் தீவுக்குப் போனேன். ஊருக்கும் தீவுக்கும் இடையே மார்ஸ்டீப் என்ற நீரிணை. பயணிகள் கப்பலில் இருபது நிமிடம். கடல் ஏற்றவற்றத்தில் இந்த நீரிணை ஓர் ஆற்றின் வேகத்தோடு ஓடுகிறது. எஞ்சின் இல்லாத கப்பல் இதிலிருந்து வெளியேற வேண்டுமானால், நீர் வற்றி வடகடலை நோக்கிப் பாயும் நேரமும் சாதகமான காற்றும் ஒன்றாக அமைய வேண்டும். அது வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்தக் கப்பலின் மேல்தளத்தில் நின்று நீர்ச்சுழல்களைப் பார்த்தபோது, அட்டவணைக்குக் கட்டுப்பட்ட என் தொழிலில் அந்தக் காத்திருப்புக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லையே என்று தோன்றியது.

வாடகைச் சைக்கிளில் கிழக்குக் கரையின் அணை மேல் அவுதெஸ்கில்ட் கிராமத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஆடுகள். இங்குள்ள ஆட்டுக் கொட்டகைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் செங்குத்தான சுவர். காற்று வரும் பக்கத்தில் கூரை தரை வரை சரிகிறது. காற்றோடு மோதாமல் வாழக் கற்றுக்கொண்ட கட்டட முறை இது.

அவுதெஸ்கில்டில் காப் ஸ்கில் அருங்காட்சியகம் இருக்கிறது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இந்தக் கரைக்கு அப்பால் நூற்றுக்கணக்கான கப்பல்கள் நங்கூரமிட்டுக் காற்றுக்காகக் காத்திருந்த காட்சியை மிகப் பெரிய மாதிரி வடிவமாக அங்கே அமைத்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமுக்குச் செல்லும் உள்கடல் ஆழம் குறைந்தது. அதனால் பெரிய கப்பல்கள் இங்கேயே நின்று, சரக்கைச் சிறு படகுகளில் மாற்றிக்கொண்டன. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களும் இங்கிருந்துதான் புறப்பட்டன. கிராமத்துக்கு அருகிலுள்ள கிணறுகளின் இரும்புச்சத்து மிக்க நீர், பீப்பாய்களில் நெடுநாள் கெடாமல் இருக்கும் என்பதால் கப்பல்கள் அதை விலை கொடுத்து வாங்கின. அந்த வருமானம் தீவின் அனாதை இல்லத்துக்குப் போயிற்று. அந்தக் கிணறுகள் இன்றும் இருக்கின்றன.

அந்த நீரைக் குடித்துக்கொண்டு வந்தவர்கள்தாம் எங்கள் கரையில் இறங்கினார்கள். பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்து, 1781 வரை வைத்திருந்தார்கள். சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் நெய்த துணியே அவர்களுடைய முதன்மையான சரக்கு. ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம், பட்டினியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களையும் கடத்தப்பட்டவர்களையும் பழவேற்காட்டிலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாக ஏற்றிச் சென்றதும் இதே கம்பெனிதான். சோழமண்டலத்துக்குப் போன கப்பல்கள் நின்ற நீர்ப்பரப்பின் மாதிரி வடிவத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் பிறந்தவர் நிற்கும்போது வரும் கோபத்தை எழுதாமல் விட என்னால் முடியாது. அந்த மண்டபத்தில் கப்பல்களின் அழகைக் குழந்தைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, குழந்தைகளைத் திரும்ப அழைத்து, நான் சொன்னதை டச்சு மொழியில் அவர்களுக்கும் சொன்னார்.

காற்றில் ஓடுவது ஒன்றே ஒரு வணிகத்தை நல்லதாக்கிவிடாது. சரக்கறையில் என்ன இருக்கிறது, அதை விளைவித்தவருக்கு என்ன கிடைத்தது, வடத்தை இழுப்பவர் தம் விருப்பத்தோடு இழுக்கிறாரா என்பவற்றையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். த்ரெஸ் ஓம்ப்ரெஸ்ஸை உருவாக்கியவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுக்கும் சரக்கே சான்று. கிரெனடா தீவில் மோட் கிரீன் என்பவர் உள்ளூர் விவசாயிகளோடு சேர்ந்து நிறுவிய சாக்லேட் நிறுவனம், கொக்கோவைப் பச்சையாக ஏற்றுமதி செய்யாமல் விளைந்த தீவிலேயே சாக்லேட்டாக்கியது. அந்தச் சாக்லேட்டை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது இந்தக் கப்பல்தான்.

திரும்பும் வழியில் எதிர்க்காற்று. ஒரு மணி நேரத்தில் வந்த தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகி, பயணிகள் கப்பல் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்தது வரும் வரை துறையில் நடுங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மீன்வண்டிக்காரர் தம் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதோடு ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். இந்த நாட்டில் எங்கு போனாலும் தேநீருக்கு ஒரு பிஸ்கட்தான்.

அக்டோபர் 11, வெள்ளி

இன்று பருமல்களில் முதலாவதைத் திரும்ப மேலே ஏற்றினார்கள். பன்னிரண்டு பேர் ஒரு வடத்தைப் பிடித்தோம். தளத்தில் நின்ற பெண்ணின் குரலுக்கு ஏற்ப எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க, அந்தக் கனமான மரம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து தன் இடத்தில் போய் அமர்ந்தது. ஊர்க் கரையில் வலை இழுத்தவர்களுக்கு இந்த மகிழ்ச்சி தெரியும். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்துவிட்டது.

மதியம் மாலுமிகளில் மூத்தவர் ஒருவரிடம், இரண்டு நாளாக மனத்தில் இருந்ததைக் கேட்டேன். பழுதுபார்ப்பவர்களில் பலருக்கு ஊதியம் இல்லை. கடலில் போகும் பயிற்சியாளர்களோ கப்பலுக்குப் பணம் செலுத்தித்தான் வருகிறார்கள். அவர்களுடைய உழைப்பும் பணமும் இல்லாவிட்டால் இந்தச் சரக்குக் கட்டணம் நிற்குமா? அவர் நேராகவே பதில் சொன்னார். நிற்காது என்றார். பயிற்சியாளர்கள் கற்றுக்கொண்டு போகும் கடல்தொழில் வேறெங்கும் கிடைக்காதது, அதற்காகவே அவர்கள் மனமுவந்து வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் இன்னும் பெரிய கலம் இருந்தால்தான் எல்லோருக்கும் நியாயமான ஊதியம் கொடுத்துப் பாயில் சரக்கு ஓட்ட முடியும் என்பதும் உண்மை என்றார். 35 டன் மிகவும் குறைவு. பழைய கலங்களைப் புதுப்பிப்பது ஒரு தொடக்கம் மட்டுமே என்பதையும், அந்தத் தொடக்கம் இல்லாவிட்டால் சதுரப் பாயைக் கையாளத் தெரிந்தவர்களே இல்லாமல் போய்விடுவார்கள் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

கடைசியாகச் சொன்னதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துச் சென்ற தூத்துக்குடித் தோணிகளுக்குப் பிற்பாடு டீசல் எஞ்சின் பொருத்தினார்கள். எஞ்சின் வந்ததில் தவறில்லை, ஓடியவர்களின் உயிருக்கும் பிழைப்புக்கும் அது துணை நின்றது. ஆனால் காற்றைப் பார்த்துக் கலம் நடத்திய தண்டல்களின் அறிவு எங்கேயும் பயிற்றுவிக்கப்படவில்லை. தச்சும் பாயும் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே நம் கரையிலும் ஒரு பழைய தோணியை எடுத்துப் புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே வந்த பிறகு எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. எரிபொருள் செலவு ஏற ஏறக் குறுகிய கடல்வழிகளில் அது வெறும் பழம்பெருமையாக இருக்காது.

வழி பற்றியும் கேட்டேன். இலையுதிர் காலத்தில் புறப்பட்டு, ஆங்கிலக் கால்வாய், பிஸ்கே விரிகுடா வழியே தெற்கே இறங்கி, கானரித் தீவுகளுக்கு அப்பால் நிலையாக வீசும் வாணிபக் காற்றைப் பிடித்துக் கரீபியனுக்குப் போவார்கள். கொக்கோ, காபி, ரம் ஏற்றிக்கொண்டு, வசந்த காலத்தில் வடக்கே ஏறி, மேற்குக் காற்றில் அசோர்ஸ் தீவுகள் வழியாகத் திரும்புவார்கள். ரம் பீப்பாய்களிலேயே கடலில் ஆடிக்கொண்டு வருகிறது. அதைக் கப்பலின் பெயரிலேயே புட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதில் வரும் வருமானம் கப்பலுக்குப் பெரிய துணை.

விடைபெறும்போது பிரெஞ்சுப் பெண் நான் கலப்பத்து அடித்த இடத்தைக் காட்டி, அதன்மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழே சரக்கறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒழுகவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு, ஆம்ஸ்டர்டாம்

நாளை விமானம். நேற்றும் இன்றும் மழை நிற்கவில்லை. த்ரெஸ் ஓம்ப்ரெஸ் கொண்டுவரும் டொமினிகன் குடியரசுக் கொக்கோவில் இந்நகரத்தின் சாக்லேட்மேக்கர்ஸ் நிறுவனம் செய்யும் சாக்லேட்டைத் தேடி ஒரு கடைக்குப் போனேன். உறையில் கப்பல் படம் இருந்தது. ஒரு பட்டை நான்கு யூரோவுக்குச் சற்று மேல். பக்கத்து அடுக்கில் அதே அளவுள்ள சாதாரணச் சாக்லேட் ஒன்றரை யூரோ. கப்பல் பட்டையை வாங்குபவர்கள் விலையைப் பற்றிக் கேட்பார்களா என்று கடைப் பெண்ணிடம் விசாரித்தேன். விலையைவிட, இது எத்தனை நாளில் வந்தது என்றே பெரும்பாலோர் கேட்கிறார்கள் என்றார்.

என் தொழில் அனுபவத்தில், இந்த விலை வேறுபாட்டில் எவ்வளவு கடல் கட்டணம், எவ்வளவு கொக்கோவின் தரம், எவ்வளவு விவசாயிக்குப் போகும் கூடுதல் தொகை என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியது. கன்டெய்னரில் வந்தால் ஒரு பட்டைக்குரிய கொக்கோவின் கடல் கட்டணம் ஒரு காசைக்கூட எட்டுவது கடினம். அவ்வளவு மலிவாக இருப்பதால்தான், நாங்கள் எழுதும் ஆவணங்களில் கப்பல் எரித்த எண்ணெய்க்கோ மாலுமிகள் வீட்டைப் பிரிந்திருக்கும் மாதங்களுக்கோ ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கட்டணச் சீட்டில், அவருடைய பெட்டிக்குரிய எரிபொருள் அளவையும் ஒரு வரியாகச் சேர்க்கலாமா என்று அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கணக்கிடும் முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன, சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

ஆறு பட்டைகள் வாங்கினேன். வசந்த காலத்தின் முடிவில் கப்பல் ஆம்ஸ்டர்டாம் திரும்பும்போது மூட்டைகளைக் கையால் இறக்கிச் சரக்குச் சைக்கிள்களில் ஏற்ற ஆட்கள் தேவைப்படுவார்கள், விரும்பியவர்கள் வரலாம் என்று அந்த மாலுமி சொல்லியிருந்தார். வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல முடியாது, காற்றைப் பொறுத்தது. ஆகவே மே, ஜூன் இரண்டு மாதத்துக்கும் பொதுவாக விடுப்புக் கேட்டிருக்கிறேன்.